ஜி.எச்.சா, பிரைவேட்டா: கூலிக்காரர் வீட்டுக் கணக்கு

என் சித்தப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். சில வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி வயிற்றுவலியில் துடித்துப்போனார். கோவை பெரியாஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். தனியார் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். பதற்றத்தில் பக்கத்தில் இருந்ததற்கே போனோம். குடல்வால் என்றார்கள். முன்பணம் கட்டிய பிறகுதான் ஆபரேஷன். வீடு திரும்பும்போது சித்தியின் கழுத்தில் சங்கிலி இல்லை. அதை மீட்க இரண்டு தீபாவளி ஆயிற்று.

அதிலிருந்து ஜி.எச்.சுக்குப் போவதா, பிரைவேட்டுக்குப் போவதா என்று யார் கேட்டாலும் பில்லோடு போன கூலியையும் சேர்த்துத்தான் கூட்டிப் பார்க்கிறேன்.

முதலில் பில். 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் (பிரசவம் நீங்கலாக) இந்திய அளவில் சராசரி மருத்துவச் செலவு அரசில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். வாரம் 4,000 ரூபாய் கூலி வாங்குகிறவருக்குத் தனியார் செலவு எட்டு வாரச் சம்பளம். வட்டி தனி.

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்துக்காக வெளியே ஓடுவது குறைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1995 முதல் அரசின் மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக, கம்பெனிப் பெயர் பார்க்காமல், மூலப்பெயரில் வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் பேங்க் போல ஒரு பாஸ்புக். எடுத்த மருந்தின் விலை அதில் கழியும். வைத்தியத்துக்காக நம் ஆட்கள் வாங்கும் கடனைக் குறைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பேன்.

பிரசவத்தையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்த பிரசவங்களில் சிசேரியன் 63.8 சதவீதம், அரசில் 36 சதவீதம். 36ஐயும் குறைவென்று சொல்ல மாட்டேன். ஆனால் வயிற்றைக் கிழித்தால் பில் கூடுவதோடு, அந்தப் பெண் வேலைக்குத் திரும்பும் நாளும் தள்ளிப்போகிறது.

இனி ஜி.எச். வாங்கும் விலை. காலையில் ஓ.பி. சீட்டுக்கு வரிசை, டாக்டருக்கு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. அன்றைய ஷிப்ட் போயிற்று. ஸ்கேனுக்கு வேறு தேதி கொடுத்தால் இன்னொரு ஷிப்ட். சில இடங்களில் தள்ளுவண்டிக்கும் கை நீட்டுவார்கள். அதனால்தான் சாதாரணக் காய்ச்சலுக்கு நம் ஆட்கள் வேலை முடிந்து சாயங்காலக் கிளினிக்குக்குப் போகிறார்கள். டாக்டர் பீஸும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாள் கூலிக்குள் அடங்கினால் அதுவே லாபம். அவர்களை விவரம் இல்லாதவர்கள் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. கணக்குத் தெரிந்துதான் போகிறார்கள்.

இந்த ஷிப்ட் இழப்பை நேராகத் தொட்ட திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சித்தப்பாவுக்கு மாதம் ஒரு நாள் கூலி மிச்சம்.

ஜி.எச்.சுக்கும் பிரைவேட்டுக்கும் நடுவே முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். இருதயம், புற்றுநோய் என்று வந்தால் அது உயிர் காக்கும் அட்டை. ஆனால் சாதாரண ஓ.பி. செலவுக்கு உதவாது. அன்று நாங்கள் ஓடிய ஆஸ்பத்திரி பட்டியலிலேயே இல்லை. இன்று என்றால் 108ஐக் கூப்பிட்டு ஜி.எச்.சுக்கே போயிருப்பேன்.

இவற்றில் எதுவும் படுத்திருக்கும் நாளுக்குக் கூலி தராது. தருவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. மட்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு, தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்ட, வைத்தியத்தோடு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பி மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்தபோது அவன் வீட்டில் யாரும் கடன் வாங்கவில்லை. அட்டை கையில் இருந்தால் முதலில் இ.எஸ்.ஐ.தான் என்று அடித்துச் சொல்வேன். ஆனால் பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்த இடம் இ.எஸ்.ஐ.க்குள் வரும். சித்தப்பாவின் தறிக்கூடத்தில் நாலே பேர்.

போன மாதம் அவருக்குக் குடலிறக்கம் என்று ஜி.எச்.சில் சொல்லி ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்கள். காசு வேண்டாம். முடிந்ததும் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாதாம். அந்த ஆறு வாரமும் அரிசிக்கு என்ன செய்வது என்று கேட்டு, தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தறிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.