என்.சி.சி. சிறப்பு நுழைவா, சி.டி.எஸ். தேர்வா? தரைப்படை அதிகாரியாக விரும்பும் கல்லூரி மாணவருக்கான ஓர் ஒப்பீடு

கல்லூரியில் தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) உயர்நிலைச் சான்றிதழான 'சி' சான்றிதழைப் பெறும் நிலையில் உள்ள ஒரு மாணவர் இந்தியத் தரைப்படையில் அதிகாரியாகச் சேர விரும்பினால், அவர் முன் இரண்டு முக்கியமான வழிகள் இருக்கின்றன. ஒன்று, எழுத்துத் தேர்வின்றி நேராக எஸ்.எஸ்.பி. எனும் படைப்பணித் தேர்வு வாரியத்தின் முன் நிற்கும் என்.சி.சி. சிறப்பு நுழைவு. மற்றொன்று, மத்தியப் பணியாளர் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். எனும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. முதல் வழி சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு, அதாவது ஓ.டி.ஏ.வுக்கு, இட்டுச்செல்கிறது, இரண்டாவதில் ஓ.டி.ஏ.வோடு டேராடூனின் இந்திய ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வும் உண்டு. மாணவர்களின் பேச்சு பெரும்பாலும் எழுத்துத் தேர்வு உண்டா, இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு காலம் பயிற்சி, அதன் முடிவில் எத்தகைய பணி என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எழுத்துத் தேர்வையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஐ.எம்.ஏ.வுக்கு ஆங்கிலம், பொது அறிவு, அடிப்படைக் கணிதம் ஆகிய மூன்று தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஓ.டி.ஏ.வுக்குக் கணிதம் கிடையாது. பொது அறிவும் கணிதமும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே கேட்கப்படுவதால், தமிழ்வழியில் படித்த மாணவருக்குச் சிறப்பு நுழைவு பெரிய ஆறுதலாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் எஸ்.எஸ்.பி.யில் குழு விவாதமும் நேர்காணலும் அதே இரண்டு மொழிகளில்தான் நடக்கின்றன. ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசும் பயிற்சியை அந்த மாணவர் எப்படியும் பெற்றாக வேண்டும். சிறப்பு நுழைவு அந்த உழைப்பைத் தள்ளிவைக்குமே தவிர நீக்காது. மேலும், சிறப்பு நுழைவுக்குப் பட்டப்படிப்பில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரமும் வேண்டும். விண்ணப்பங்கள் மிகுந்தால் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே சலித்தெடுப்பார்கள் என்பதால், பருவத் தேர்வுகளை அலட்சியமாக எழுதியவருக்கு எழுத்துத் தேர்வு இல்லாததால் எந்தப் பயனும் இல்லை.

மதிப்பெண் கணக்கிலும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சி.டி.எஸ்.ஸில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் எஸ்.எஸ்.பி. மதிப்பெண்ணும் சம எடையுடன் கூட்டப்படுகின்றன: ஐ.எம்.ஏ.வுக்கு 300 உடன் 300, ஓ.டி.ஏ.வுக்கு 200 உடன் 200. எஸ்.எஸ்.பி.யில் ஓரளவே தேறிய ஒருவரை நல்ல எழுத்து மதிப்பெண் தகுதிப் பட்டியலில் மேலே தூக்கிவிடலாம். சிறப்பு நுழைவில் அந்த முட்டு இல்லை. வாரியம் அளிக்கும் மதிப்பெண்ணே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இடங்களும் குறைவு, பெண்களுக்கான இடங்கள் ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவது அரிது.

இரண்டு வழிகளும் சந்திக்கும் இடம் எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும் இந்தத் தேர்வில் அதிகாரிக்குரிய 15 பண்புகள் அளக்கப்படுகின்றன. 15 வினாடிக்கு ஒன்றாகக் காட்டப்படும் 60 சொற்களுக்கு வாக்கியம் எழுதுவது, 30 நிமிடத்தில் 60 சூழல்களுக்கு விடை தருவது, திறந்தவெளியில் குழுவாகத் தடைகளைக் கடப்பது என்று அது விரிகிறது. மாணவர் படையில் மூன்றாண்டு இருந்தவருக்கு இங்கே சாதகம் உண்டு என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. அணிவகுப்பில் ஆணையிட்டே பழகிய, மாணவர் படையின் மூத்த பதவியிலுள்ள சீனியர் அண்டர் ஆபீசர் ஒருவர், எவருக்கும் பதவி தரப்படாத குழுப்பணியில் பலகையும் கயிறும் கையில் இருக்க, தன் யோசனையைப் பிறர் ஏற்கவில்லை என்றதும் குரலை உயர்த்தத் தொடங்கினால், அவருடைய மூன்றாண்டுப் பழக்கமே அவருக்கு எதிராக நிற்கும். ஆண்டுப் பயிற்சி முகாமில் சோர்ந்துபோன முதலாண்டு மாணவர்களைச் சமாளித்தவர், சமையல்கூடப் பொறுப்பையும் இரவுக் காவல் முறையையும் சண்டையின்றிப் பங்கிட்டுக் கொடுத்தவர், அதே குழுப்பணியில் இயல்பாக முன்னே வருகிறார். வரைபடம் படித்தல், ஆயுதப் பயிற்சி, களத்திறன் ஆகிய பாடங்களைப் பயிற்சி அகாடமி மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்றுத்தரும். சக மாணவரை வழிநடத்திய அந்தப் பழக்கத்தை அது அவ்வளவு எளிதில் தந்துவிட முடியாது. மாணவர் படையை வருகைப்பதிவாகவும் சிற்றுண்டியாகவும் சுருக்கிவிடும் கல்லூரிகள் தம் மாணவரிடமிருந்து பறிப்பது இதைத்தான். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இனி அகாடமிகள். ஐ.எம்.ஏ. 1932இல் தொடங்கப்பட்டது, முதல் அணியில் 40 பேர், அவர்களுள் ஒருவர் பின்னாளில் ஃபீல்டு மார்ஷலான சாம் மானெக்ஷா. பரங்கிமலைப் பள்ளி 1962 சீனப் போருக்குப் பின் விரைவாக அதிகாரிகள் தேவைப்பட்டபோது 1963இல் பிறந்தது. 1988இல் அகாடமி என்று பெயர் மாறியது. 1992 முதல் பெண்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. இரண்டின் பயிற்சிக் காலமும் இந்த வரலாற்றோடு ஒட்டியே இருக்கிறது. சி.டி.எஸ். வழியாக ஐ.எம்.ஏ. செல்பவருக்கு 18 மாதம், ஓ.டி.ஏ.வில் 49 வாரம். ஓ.டி.ஏ.வின் பயிற்சி நெருக்கமானது, கடுமையானது. முடிவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மேலாண்மை முதுநிலைப் பட்டயமும் கிடைக்கிறது. ஆயினும் தலைமைப் பண்பு என்பது தவறு செய்து, திருத்திக்கொண்டு, மறுபடி பொறுப்பேற்று வளர்வது, அதற்கு ஐ.எம்.ஏ. கூடுதலாகத் தரும் அரையாண்டை நான் சிறிதாக மதிக்கவில்லை.

பணிக்காலத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. ஐ.எம்.ஏ. தருவது நிரந்தரப் பணி. ஓ.டி.ஏ., எந்த வழியில் சென்றாலும், தருவது குறுகிய காலப் பணி: 10 ஆண்டு, விரும்பினால் மேலும் 4 ஆண்டு நீட்டிப்பு. பத்தாண்டு முடிவில் நிரந்தரப் பணிக்குக் கேட்கலாம். தேர்வு வாரியம் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால், முப்பதுகளின் நடுவில், ஓய்வூதியமின்றி வெளியுலகில் புதிதாகத் தொடங்க வேண்டும். சிலர் இதையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்தாண்டுப் படை அனுபவத்துக்குப் பின் மேலாண்மைப் படிப்புக்கோ தொழிலுக்கோ செல்ல நினைப்பவருக்கு ஓ.டி.ஏ. பொருத்தமானதுதான். பெண் பட்டதாரிகளுக்கு நெடுங்காலமாக முதன்மை வாயிலாக இருந்ததும் அதுவே. 2020இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவர்களுக்கு நிரந்தரப் பணியின் கதவையும் அகலமாகத் திறந்தது.

வாழ்நாள் முழுவதையும் படைக்குத் தர நினைக்கும் மாணவர் படை வீரருக்கு என் பரிந்துரை, சி.டி.எஸ். வழியாக ஐ.எம்.ஏ. அதிலும் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: ஐ.எம்.ஏ.வின் 100 இடங்களில் 13 இடங்கள் தரைப்படைப் பிரிவின் 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்கென ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. சான்றிதழ் சிறப்பு நுழைவுக்கு மட்டுமே பயன்படும் என்று எண்ணி இந்த ஒதுக்கீட்டைக் கைவிடுவது பெரும் இழப்பு. ஐ.எம்.ஏ.வுக்கான வயது வரம்பு 24இல் முடிகிறது. சிறப்பு நுழைவுக்கும் ஓ.டி.ஏ.வுக்கும் 25 வரை இடமுண்டு. ஆகவே கல்லூரி இறுதியாண்டிலேயே சி.டி.எஸ். எழுதத் தொடங்கி, சான்றிதழ் கைக்கு வந்ததும் சிறப்பு நுழைவுக்கும் விண்ணப்பித்து, இரண்டையும் ஒரே ஆண்டில் இணையாக நடத்துவது முற்றிலும் இயலக்கூடியது.