பாலையூற்றிலிருந்து கொழும்புக்கு: ஒரு குருதியியல் கிளினிக்கில் அப்பாவின் முதல் ஆண்டு

திருகோணமலைப் பாலையூற்றில் வசிக்கும் என் அப்பாவுக்கு நாட்பட்ட மைலோயிட் லியுக்கேமியா என்னும் குருதிப் புற்றுநோய் இருப்பது சென்ற ஆண்டு தெரியவந்தது. ஓயாத களைப்புக்காகச் செய்த சாதாரணக் குருதிப் பரிசோதனையில், 11,000 ஐத் தாண்டக்கூடாத வெண்குழியங்கள் 140,000 ஆக இருந்தன. இடது விலாவின் கீழ் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வீங்கியிருந்தது. அன்றுமுதல் அவரைக் காட்டிவரும் கொழும்புக் குருதியியல் கிளினிக்கின் சேவையைப் பற்றி, எங்களைப் போலத் தூரத்திலிருந்து போகும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதல் நாளே நிபுணர் அப்பாவின் பக்கமாகக் கதிரையைத் திருப்பி வைத்து, "ஐயா, இது குளிசையால் கட்டுப்படுத்தக்கூடிய நோய். ஆனால் குளிசை வேலை செய்கிறதா என்பதை உங்கள் உடம்பு சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும்" என்றார். 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்களின் (குரோமோசோம்களின்) துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற பிறழ்ந்த மரபணு உருவாகிறது என்பதையும், அது உண்டாக்கும் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் என்ற குளிசை 2001 இல் பாவனைக்கு வந்தபின் இந்நோயாளரின் ஆயுள் பெரிதும் நீண்டது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். நாளுக்கு 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன் எடுக்க வேண்டும். காலையில் கண்ணிமை வீங்கும், இரவில் கெண்டைக்கால் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், அவை வந்தபோது அப்பா பயந்து மருந்தை நிறுத்தவில்லை.

இந்தக் கிளினிக்கை நான் மதிப்பதற்கான காரணம் முதல் மூன்று மாதங்களில் அவர்கள் காட்டிய கவனம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை குருதிக் கலங்களின் எண்ணிக்கையைத் திருகோணமலையிலேயே பார்த்து, அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். அதற்காகக் கொழும்புக்கு அலையவிடவில்லை. இரண்டாம் மாதத்தில், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் 46,000 ஆக இறங்கியபோது, அறிக்கை அனுப்பிய அன்று மாலையே தாதியொருவர் தமிழில் அழைத்து, குளிசையை நிறுத்திவைக்கும்படியும், பல்லீறில் இரத்தம் கசிந்தால் உடனே திருகோணமலை வைத்தியசாலைக்குப் போகும்படியும் சொன்னார். எண்ணிக்கை ஏறியபின் அதே அளவில் மருந்து மீண்டும் தொடங்கியது. அந்த அறிக்கையை யாரும் பார்க்காமல் அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

பிசிஆர்-ஏபிஎல் அளவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்படுகிறது. மூன்றாம் மாதத்தில் 10 வீதத்துக்கும், ஆறாம் மாதத்தில் 1 வீதத்துக்கும், ஓராண்டில் 0.1 வீதத்துக்கும் மேற்படாமல் அது இறங்கியிருக்க வேண்டும் என்பதே இலக்கு. நிபுணர் அப்பாவின் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் மூன்று கோடுகள் இழுத்து, ஒவ்வொரு முடிவையும் புள்ளியாக வைக்கிறார். 7.2, பிறகு 0.6. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட அப்பா அந்தப் பக்கத்தை விரித்து, வருகிற உறவினருக்கெல்லாம் தானே விளக்கம் சொல்கிறார்.

குறை, மாதிரி எடுத்து அனுப்பும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது. மூன்றாம் மாதப் பரிசோதனைக்காகக் கிளினிக் காட்டிய உள்ளூர்ச் சேகரிப்பு நிலையமொன்றில் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுத்தார்கள். சனி, ஞாயிறோடு திங்கள் போயா என்ற பௌர்ணமி விடுமுறையும் சேர்ந்துகொள்ள, அது ஆய்வுகூடம் போய்ச் சேர்ந்தபோது பழுதாகியிருந்தது. இந்தப் பரிசோதனைக்குரிய ஆர்என்ஏ என்ற மரபுப்பொருள் விரைவில் சிதையும்; ஓரிரு நாளுக்குள் மாதிரி ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுபடி இரத்தம் எடுத்து, முடிவு வர மேலும் மூன்று கிழமை சென்றது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் அந்த மூன்று கிழமையும் அம்மா சரியாகத் தூங்கவில்லை. இப்போது நாங்கள் இரவுப் புகையிரதத்தில் கொழும்புக் கோட்டைக்குப் போய், செவ்வாயிலோ புதனிலோ நேரடியாக ஆய்வுகூடத்திலேயே இரத்தம் கொடுக்கிறோம். வேறு ஆய்வுகூடத்துக்கு மாற வேண்டாம் என்றும், அறிக்கையில் சர்வதேச அளவுகோலின்படி என்று குறிக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்க்கும்படியும் நிபுணர் சொல்லியிருக்கிறார். அளவுகோல் வேறானால் புள்ளிகளை ஒரே கோட்டில் வைத்து ஒப்பிட முடியாது.

காத்திருப்பும் நீளம்தான். காலை ஏழு மணிக்கு இலக்கம் எடுத்தால் பகல் பன்னிரண்டு ஆகிவிடும். புகையிரதத்தில் விழித்துவந்த முதியவர்கள் சாய்ந்திருக்க ஒரு நல்ல இருக்கைகூட இல்லை. தமிழில் அச்சிட்ட ஒரு கையேடும் கிடையாது. நான் கேட்டபோது அந்தத் தாதியே மருந்து விதிகளைக் கையால் எழுதித் தந்தார். அந்தத் தாள் இன்றும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் வேறிடம் தேடவில்லை. புதிதாகப் போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே அடுத்த பரிசோதனைத் திகதியைக் கொப்பியில் எழுதி வாங்கி, அந்தக் கிழமையில் போயா வருகிறதா என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் ஓராண்டுப் பரிசோதனை அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாயன்று. பயணச்சீட்டை இப்போதே எடுத்துவிட்டோம்.