கல்யாணத்தோடு கதையை முடிக்காதவர்: மேவ் பின்ச்சியின் நாவல்கள்

பெண்களுக்கான வெகுஜன நாவல் என்றாலே, வசதி குறைந்த அழகியும் முன்கோபியான செல்வந்தனும் முட்டி மோதிக் கடைசி அத்தியாயத்தில் மாலை மாற்றிக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்போடுதான் நம்மில் பலர் புத்தகத்தைக் கையில் எடுக்கிறோம். அயர்லாந்து எழுத்தாளர் மேவ் பின்ச்சியின் நாவல்களும் வெளிறிய நிறங்களும் பூச்செடிகளும் கடலோர வீடுகளும் கொண்ட அட்டைகளை வைத்துப் பார்த்தால் அந்த வரிசையில்தான் சேரும். உள்ளே அவர் செய்வது வேறு வேலை. கதாநாயகியை அழகியாக மாற்ற அவர் மெனக்கெடுவதில்லை. விலகிப்போன காதலனைத் திருத்திக் கொண்டுவந்து அவளிடம் ஒப்படைப்பதுமில்லை. தன் வாழ்க்கையைத் தானே நடத்த முடியும் என்று அவளுக்குத் தெரியவரும் இடம்தான் அவருடைய சிறந்த நாவல்களில் கதை முடியும் இடம். என் கதைகளில் அழகற்ற வாத்துக்குஞ்சு அன்னமாவதில்லை, தன்னம்பிக்கையுள்ள வாத்தாகிறது என்ற பொருளில் அவரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

இதற்குச் சரியான சான்று 1990-இல் வெளிவந்த 'சர்க்கிள் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்'. டப்ளினிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவிலுள்ள நாக்க்ளென் என்ற கற்பனைச் சிற்றூரில், ஆண்களுக்கான துணிக்கடை வைத்திருக்கும் தம்பதியின் ஒரே மகள் பென்னி ஹோகன். உயரமும் பருமனுமான பெண். அவளுடைய பத்தாவது பிறந்தநாளில் நாவல் தொடங்குகிறது. வெல்வெட்டில் தைத்த விருந்து உடை வரும் என்று கனவு கண்டுகொண்டிருந்த குழந்தைக்கு, பாசம் மிகுந்த பெற்றோர் நீண்ட நாள் உழைக்கக்கூடிய உடுப்புகளை வாங்கித் தருகிறார்கள். ஏமாற்றத்தை விழுங்கிவிட்டு அவள் அவர்களுக்காக முகம் மலர்வதை பின்ச்சி சில வரிகளில் சொல்லி நகர்ந்துவிடுகிறார்; எந்த இடத்திலும் நம்மை அழச் சொல்வதில்லை. பெற்றோரின் அன்பே ஒரு பெண்ணுக்கு எப்படிப் பாரமாகும் என்பதுதான் மீதி நாவலில் ஓடும் சரடு. 1957-இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்த பிறகும், தோழிகள் மாலையில் நடனத்துக்குக் கிளம்பும்போது, வீட்டில் காத்திருப்பார்கள் என்பதால் இவள் மட்டும் ஊருக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது.

பென்னியின் உயிர்த்தோழி ஈவ் மலோன் தாய் தகப்பன் இல்லாதவள், கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். அவளுடைய தாய் ஊரின் பெரிய புராட்டஸ்டன்ட் வீட்டுப் பெண். தகப்பன் கத்தோலிக்கத் தொழிலாளி. அந்தக் கலப்பு மணத்தை மன்னிக்காத பெரிய வீடு, பேத்தியை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஈவை வளர்க்கும் மதர் பிரான்சிஸ், பின்ச்சியின் பாத்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்களில் ஒருவர். ஜெபமாலையும் கையுமாக இருந்தபடியே, தன் வளர்ப்பு மகளின் எதிர்காலத்துக்காகக் காய் நகர்த்தத் தெரிந்த சாமர்த்தியசாலி. கல்லூரிக் கட்டணத்துக்காக ஈவ் அந்தப் பெரிய வீட்டுப் படியேறி, கெஞ்சாமல், உரிமையுள்ளவளைப் போல நின்று பணம் கேட்கும் காட்சி ஒன்றுக்காகவே இந்த நாவலைப் படிக்கலாம்.

காதல் இல்லாமலில்லை. ஜாக் ஃபோலி என்ற, கல்லூரியே திரும்பிப் பார்க்கும் மருத்துவர் வீட்டுப் பையனை பென்னி விரும்புகிறாள், அவனும் விரும்புகிறான். இதற்கிடையே கடையில் தந்தையின் உதவியாளனாக இருக்கும் ஷான் வால்ஷ், கடையையும் பென்னியையும் சேர்த்தே கைப்பற்றத் திட்டம் போடுகிறான். தந்தை திடீரென்று இறந்துபோக, கல்லாவிலிருந்து காணாமல் போகும் பணத்தைப் பற்றி அவனை நேருக்கு நேர் விசாரிக்கும் பொறுப்பு இவள் தலையில் விழுகிறது. அதே சமயத்தில் ஜாக்கும் அவளுடைய தோழி ஒருத்தியோடு சேர்ந்து அவளுக்குத் துரோகம் செய்கிறான். கதையின் பேரழகியான அந்தத் தோழியை, 'நான்' மாஹன் (Nan Mahon) என்பவளை, பின்ச்சி வில்லியாக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் குடிகாரத் தகப்பன் கைநீட்டும் வீட்டிலிருந்து எப்படியாவது ஏறித் தப்பிவிட வேண்டும் என்று தாயும் மகளும் சேர்ந்து கட்டிய கனவை விரிவாகக் காட்டியிருப்பதால், அவள் செய்யும் அநியாயத்தின்போதும் அவளை முழுதாக வெறுக்க முடிவதில்லை. மனம் மாறி ஜாக் திரும்பி வரும்போது பென்னி அவனை நண்பர்களில் ஒருவனாக மட்டுமே வைத்துக்கொள்கிறாள். 1995-இல் மினி டிரைவர் நடித்து வெளிவந்த திரைப்படம் இருவரையும் சேர்த்துவைத்துவிட்டது. படமாகப் பார்க்க இதமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நாவலின் முதுகெலும்பு முறிந்துபோனது அந்த இடத்தில்தான்.

இந்தக் கதைகளின் கனம் புரிய அன்றைய அயர்லாந்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1937 அரசியலமைப்பு அங்கே விவாகரத்துக்கு இடம் தரவில்லை; 1995-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில்தான், அதுவும் மயிரிழையில், அந்தத் தடை விலகியது. அரசு வேலையிலிருக்கும் பெண் கல்யாணமானதும் வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை நீடித்தது. பின்ச்சி இவற்றைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவதில்லை. 1982-இல் வந்த அவருடைய முதல் நாவலான 'லைட் எ பென்னி கேண்டில்' இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லண்டனிலிருந்து ஓர் ஐரிஷ் சிற்றூருக்கு அனுப்பப்படும் எலிசபெத் என்ற சிறுமிக்கும், அவளை வரவேற்கும் வீட்டுப் பெண் ஆஷ்லிங்குக்கும் இடையே பல ஆண்டுகள் நீளும் நட்பைச் சொல்கிறது. ஊர் மெச்சப் பெரிய இடத்தில் வாழ்க்கைப்படும் ஆஷ்லிங், குடியில் மூழ்கிய கணவனோடு பெயரளவுக்கு மட்டும் மனைவியாக இருக்க நேரும்போது, சட்டமும் திருச்சபையும் அக்கம்பக்கமும் ஒன்றுசேர்ந்து அவளைச் சுற்றி எழுப்பும் சுவரை நாம் கதையாகவே உணர்கிறோம்.

1998-இல் வந்த 'டாரா ரோடு' பணம் புழங்கத் தொடங்கிய டப்ளினின் கதை. வீட்டையே உலகமாகக் கொண்ட ரியா, இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் ஆசையை மனைகளை வாங்கி விற்கும் தன் கணவன் டேனியிடம் மெல்ல எடுத்துச் சொல்கிறாள். அவனோ, வேறொரு பெண் தன் குழந்தையைச் சுமப்பது இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு பேசத் தொடங்குகிறான். இருவரும் வெவ்வேறு குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வாசகருக்குப் புரியும் கணத்துக்கும் ரியாவுக்குப் புரியும் கணத்துக்கும் இடையே இருக்கிற அந்தச் சில வரிகள்தான் பின்ச்சியின் கைவண்ணம். பிறகு ரியா, மகனை விபத்தில் இழந்த அமெரிக்கப் பெண் மாரிலினோடு ஒரு கோடைக்காலம் முழுவதும் வீட்டை மாற்றிக்கொள்கிறாள். இருவரும் மற்றவரின் சமையலறையிலும் தோட்டத்திலும் அண்டைவீட்டாரிடையேயும் வாழ்ந்து, தம் துக்கத்தை வேறு கோணத்தில் பார்க்கப் பழகுகிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி தம் வாசகர் வட்டத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்த பிறகு அமெரிக்காவில் பின்ச்சியின் பெயர் இன்னும் பரவலாகப் போய்ச் சேர்ந்தது.

உரையாடலில் கதையை ஓட்டும் திறமை அவருக்குப் பத்திரிகைப் பணியிலிருந்து வந்திருக்க வேண்டும். 1939-இல் பிறந்து ஆசிரியையாக வேலை பார்த்தவர், இஸ்ரேலில் ஒரு கூட்டுப்பண்ணையில் தங்கியிருந்தபோது வீட்டுக்கு எழுதிய கடிதத்தைத் தகப்பனார் ஒரு நாளிதழுக்கு அனுப்பிவைக்க, அதிலிருந்து எழுத்துலகுக்கு வந்தார். 1968-இல் 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழின் மகளிர் பகுதிக்கு ஆசிரியரானார். பேருந்திலும் உணவகத்திலும் பக்கத்து மேசைப் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை அவர் மறைத்ததே இல்லை. ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற உடலும் கொண்ட பெண்மணி அவர் என்பதை அறிந்தபின் பென்னியை மீண்டும் படித்தால், நடன அரங்கின் ஓரத்தில் நிற்கும் பெண்ணின் கூச்சத்தை இவ்வளவு துல்லியமாக எழுத முடிந்ததன் காரணம் விளங்கும்.

குறைகளும் உண்டு. 2000-க்குப் பிந்தைய நாவல்களில் பழைய பாத்திரங்கள் விருந்தாளிகளைப் போல அடிக்கடி வந்துபோகிறார்கள். நெடுநாள் வாசகருக்கு மகிழ்ச்சி, புதிதாக வருபவருக்குத் தலை சுற்றும். 'மைண்டிங் ஃபிராங்கி'யில் நல்லவர்களின் எண்ணிக்கை கூடிப்போய் கதைக்கு எதிர்ப்பே இல்லாமலாகிறது. மொழியழகைத் தேடுபவருக்கு அடிக்கோடிட வரிகள் அதிகம் அகப்படா. படுக்கையறைக் கதவை அவர் பெரும்பாலும் சாத்திவிடுவார். அது எனக்குக் குறையாகப் படவில்லை.

ஆங்கிலத்தில் நாவல் படிக்கத் தயங்குபவர்களுக்கு இவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாக்கியங்கள் சிறியவை, பேச்சு நடை, அகராதியைத் தேடி எழுந்திருக்க வேண்டிய தேவை அதிகம் இராது. தடித்த புத்தகம் மலைப்பைத் தந்தால் 1996-இல் வந்த 'ஈவ்னிங் கிளாஸ்' நல்ல தொடக்கம்: தலைமையாசிரியர் பதவி கைநழுவிய ஒரு லத்தீன் ஆசிரியரும், காதலனின் மறைவுக்குப் பிறகு சிசிலியிலிருந்து ஊர் திரும்பும் ஒரு பெண்ணும் சேர்ந்து நடத்தும் இத்தாலிய மொழி வகுப்பில் சேர்பவர்களின் கதைகள், ஆளுக்கொரு பகுதியாக. அதைவிடச் சிறியது வேண்டுமென்றால் 'தி லைலாக் பஸ்'. வெள்ளிக்கிழமைதோறும் டப்ளினிலிருந்து சொந்த ஊருக்குப் போகும் சிற்றுந்தில் ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், உண்மையில் அவரவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதே அதன் கதை. 2012-இல் அவர் மறைந்த பிறகு வெளியான 'எ வீக் இன் வின்ட்டர்' நாவலை மட்டும், மற்றவற்றில் இரண்டையாவது படித்துவிட்டுக் கையில் எடுப்பது நல்லது.