வாலிபாலா, ஓட்டமா: தலைமைப் பண்பை எது வளர்க்கும்?

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையை எந்தப் போட்டியில் இறக்குவது என்று குழம்புகிறவர்களுக்கு.

பேச்சு
வாலிபால்: களத்தில் 6 பேர். பந்து இருவருக்கு நடுவே இறங்கும்போது "எனக்கு!" என்று ஒருவர் குரல் கொடுத்தே ஆகவேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையும் சீக்கிரமே வாய் திறக்கும். பந்தைத் தவறவிட்ட தோழியின் தோளைத் தட்டி அடுத்த சர்வீஸுக்குத் தயார்படுத்துவதும் இங்கேதான் பழகும். நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.
ஓட்டம்: இது குறைவு. 4 பேர் ஓடும் தொடர் ஓட்டம் மட்டும் விதிவிலக்கு.

பொறுப்பு
வாலிபால்: அணிக்குள் ஒளிந்துகொள்ளலாம்.
ஓட்டம்: பழிபோட ஆளில்லை. ஸ்டாப்வாட்ச் உள்ளதைச் சொல்லிவிடும்.

செலவு
ஓட்டத்துக்கு நல்ல ஷூ போதும். வாலிபாலுக்கு வலை, பந்து, ஆள் எல்லாம் சேரவேண்டும்.

நாலு பேர் முன்னால் பேசத் தயங்கும் பிள்ளைக்கு வாலிபால். சாக்குச் சொல்லித் தப்பிக்கும் பிள்ளைக்கு ஓட்டம்.