காஸ்பேஸ்-3 ஆன்டிபாடி: பாலிகுளோனலா, மோனோகுளோனலா?

ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த வேலூரில் பதனிடுதலில் பயன்படும் குரோமியத்தை ஆராயாமல் வேறு எதை ஆராய்வது? எங்கள் வேலை, குரோமியம் கொடுத்த எலிகளின் சிறுநீரகத்தில் எத்தனை செல்கள் அப்போப்டோசிஸில் (செல் தானே திட்டமிட்டுச் சாகும் முறை) சாகின்றன என்று எண்ணுவது. அதற்கு, அந்தச் சாவை நடத்தும் காஸ்பேஸ்-3 என்ற புரதம் வெட்டுப்பட்டிருப்பதைக் காட்டும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டும் புரதம்) வேண்டும். பல ஆன்டிபாடிகளின் கலவையான பாலிகுளோனலில் தொடங்கி, ஒரே ஆன்டிபாடியான மோனோகுளோனலுக்கு மாறியவன் நான். ஆகவே இது நடுநிலையான ஒப்பீடு அல்ல.

முதலில், எதை வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். 'மொத்த காஸ்பேஸ்-3' ஆன்டிபாடி இதற்கு உதவாது. 32 கிலோடால்டன் எடையுள்ள தூங்கும் வடிவம் நல்ல செல்லிலும் உண்டு. 175-ஆவது இடத்திலுள்ள அஸ்பார்டிக் அமிலத்தை ஒட்டி அது வெட்டுப்பட்ட பிறகுதான் செல்லுக்குச் சாவு. அந்த வெட்டுமுனையைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத்தான் தேட வேண்டும். சாகும் செல்லுக்கு நிறம் ஏற்றும் டியூனல் முறை 1992-லிருந்தே இருக்கிறது, ஆனால் அது காட்டுவது டிஎன்ஏ உடைவை. நெக்ரோசிஸில், அதாவது திட்டமில்லாமல் காயப்பட்டுச் செத்த செல்லிலும் அது நிறம் ஏற்றிவிடும். குரோமியம் பட்ட சிறுநீரகத்தில் நெக்ரோசிஸுக்கா பஞ்சம்?

நான் வாங்கிய இரண்டும் முயலிலிருந்து வந்தவை. எலித் திசுவுக்கு அது நல்லது. சுண்டெலியில் செய்ததை வாங்கினால் முதல் ஆன்டிபாடியைப் பிடித்து நிறம் காட்ட உதவும் செகண்டரி ஆன்டிபாடி எலியின் சொந்த ஆன்டிபாடியையும் பிடித்துத் தொல்லை தரும். இரண்டுக்கும் திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபினில் பதித்து வெட்டி, பிஎச் 6 சிட்ரேட் பஃபரில் குக்கரில் சூடாக்குவது என்று ஒரே செய்முறைதான். குப்பியின் விலை மோனோகுளோனலுக்குக் கூடுதல். ஆனால் அதை 400 மடங்கு நீர்க்க முடிந்தது, பாலிகுளோனலை 300-க்கு மேல் முடியவில்லை. ஸ்லைடுக்கு 200 மைக்ரோலிட்டர் என்றால், 100 மைக்ரோலிட்டர் குப்பியில் 200 ஸ்லைடுக்கு எதிராக 150. விலை வித்தியாசத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

என்னை மாற்றியது விலை அல்ல, லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி). பாலிகுளோனலின் முதல் குப்பி அருமையாக வேலை செய்தது. குரோமியம் எலிகளில் குழாய்ச் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு (ஆன்டிபாடி ஒட்டிய அடையாளம்), குரோமியம் கொடுக்காத கட்டுப்பாட்டு எலிகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. குப்பி தீர்ந்ததும் அதே கேட்டலாக் எண்ணில் இன்னொன்று வாங்கினோம். இம்முறை கட்டுப்பாட்டு எலியிலும் குழாய்கள் முழுக்கப் பழுப்பு! நிறமேற்றும் கிட் பிடிக்கும் பயோட்டின் சிறுநீரகத்தில் இயல்பாகவே அதிகம் என்பதால் பழியை அதன் மேல் போட்டு, பயோட்டினைத் தொடாத பாலிமர் கிட்டுக்கு மாறினேன். அப்படியேதான் வந்தது. பிரைமரி ஆன்டிபாடி, அதாவது காஸ்பேஸைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி, போடாத ஸ்லைடு மட்டும் பளிச்சென்று சுத்தம். அதைப் பார்த்துவிட்டு எங்கள் டெக்னீஷியன் அக்கா கேட்டார்: "தம்பி, ரெண்டு குப்பியிலயும் லாட் நம்பர் ஒண்ணுதானா பாத்தியா?"

ஒன்று இல்லை. பாலிகுளோனல் என்பது முயலின் ரத்தத்தில் உருவாகும் பல ஆன்டிபாடிகளின் கலவை. முயல் மாறினால் கலவையும் மாறும். ஆம்பூரில் பிரியாணிக் கடையின் போர்டு அப்படியே இருக்க, உள்ளே மாஸ்டர் மாறியது போலத்தான். இரண்டு லாட்டில் எண்ணிய எண்களை ஒரே கிராஃபில் போட முடியாது என்பதால், எல்லாப் பிளாக்குகளையும் மறுபடி வெட்டினோம். சித்திரை வெயிலில் மைக்ரோடோமில் ரிப்பன் ஒட்டிக்கொண்டு படுத்திய பாடு தனிக்கதை.

ரீகாம்பினன்ட் மோனோகுளோனலில் ஒரே ஒரு ஆன்டிபாடிதான். அதன் மரபணு வரிசை கையிலிருக்கிறது, வளர்ப்புச் செல்களில் அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். இரண்டாவது லாட் வந்தபோது, டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டதால் அப்போப்டோசிஸ் நிறைய நடக்கும் எலியின் தைமஸ் சுரப்பியில் பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்து வெட்டுகளில் போட்டுப் பார்த்தேன். எது எது என்று அக்காவால் சொல்ல முடியவில்லை.

பாலிகுளோனல் பல இடங்களில் பிடிப்பதால் ஃபார்மலினில் அதிக நேரம் ஊறிய திசுவிலும் தெரியும் என்பார்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் இங்கே முயலுக்குக் கொடுப்பது வெட்டுமுனையை ஒட்டிய ஒரு சின்ன பெப்டைடு. அதில் பிடிக்க எத்தனை இடம் இருந்துவிடப் போகிறது?

என் அனுபவம் எலியின் சிறுநீரகம், கொஞ்சம் கல்லீரல், மோனோகுளோனலில் இரண்டே லாட், அவ்வளவுதான். உறைநிலை வெட்டுகளில் இரண்டையும் போட்டுப் பார்த்ததில்லை. புது லாட் வந்தால் இப்போதும் தைமஸில் சோதித்துவிட்டுத்தான் தொடுகிறேன்.

அந்த இரண்டாவது பாலிகுளோனல் குப்பி மைனஸ் 20-இல் முக்கால்வாசி அப்படியே கிடக்கிறது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், வெட்டுப்பட்ட காஸ்பேஸின் 17 கிலோடால்டன் பட்டை தனியாகப் பிரிந்துவிடுவதால் அங்கே அது உதவலாம். பக்கத்து லேபில் யாராவது கேட்டால், லாட் எண்ணைச் சொல்லித்தான் கொடுப்பேன்.