தத்தெடுத்த பாப்பாவோடு தீபாவளிக்குத் தங்கிய ஏற்காட்டு ஹோம்ஸ்டே

நாகலூர் போகிற ரோட்டில், காபித் தோட்டத்துக்குள்ளே இருக்கிற வீடு இது. இரண்டு ரூம், ஒரு சமையலறை, முன்னால் வராந்தா. ஊஞ்சல், சறுக்குமரம், கேம்ப் ஃபயர் எதுவும் கிடையாது, அதனால் 'குழந்தைகளுக்கு ஏற்ற இடம்' என்று தேடினால் இது கண்ணில் படாது. ஆனால் புதுசாக வீட்டுக்கு வந்த இரண்டு வயதுக் குழந்தையோடு எங்கே போகலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

தத்தெடுத்து வந்த புதிதில் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்கி வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் அப்பா அம்மா மட்டுமே செய்தால் நல்லது என்பார்கள். இல்லத்தில் ஷிஃப்டுக்கு ஓர் ஆயா என்று கை மாறிக் கை மாறி வளர்ந்த பிள்ளைக்கு, இவர்கள்தான் என் ஆட்கள் என்று பிடிபட வேண்டுமே. சேலம் அம்மாபேட்டை வீட்டில் தீபாவளியன்று இது நடக்குமா? வருகிறவர்கள் எல்லாம் வாங்கிக் கொஞ்சுவார்கள், ஆளுக்கொரு வாய் லட்டு ஊட்டுவார்கள், கூடவே விடியற்காலையிலிருந்து சரவெடி வேறு. மாமியாருக்கு முதலில் வருத்தம்தான். அப்புறம் சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தானே என்று மத்தியானம் அதிரசத்தோடு பஸ் ஏறி வந்து, பேத்தியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமே இறங்கிவிட்டார்.

புக் பண்ணும்போது குழந்தைக்கும் ஐடி கேட்டார்கள். எங்களுக்கு இன்னும் தத்து உத்தரவு வரவில்லை. 2022 செப்டம்பரிலிருந்து கோர்ட்டுக்குப் பதில் கலெக்டர்தான் அதைத் தருகிறார், அது வந்தால்தான் எங்கள் பேர் போட்ட பிறப்புச் சான்றிதழும் கிடைக்கும். கையில் இருந்த தத்து ஏஜென்சி பேப்பரை வாட்ஸப்பில் அனுப்பினேன். "சரிங்க மேடம், வாங்க" என்று பதில் வந்தது, அவ்வளவுதான். இதற்கு முன்னால் விசாரித்த ஒரு ஹோட்டலில் "சொந்தக் குழந்தை இல்லீங்களா?" என்று ஆரம்பித்து எங்களுக்கு என்ன பிரச்சினை என்பது வரைக்கும் கேட்டார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்காகவே தனியாக ஒரு ஸ்டார் கொடுக்கலாம். வந்ததும் தூக்கக் கை நீட்டினார். "இப்போதைக்கு நாங்க மட்டும்தான்க்கா தூக்குறோம்" என்றேன். "அதுக்கென்ன கண்ணு, அதுவா வரட்டும்" என்று போனவர், மறுபடி கிட்டவே வரவில்லை. தோட்டத்தில் இருந்தபடியே சிரிப்பார், அதோடு சரி. பாப்பாதான் வராந்தாவில் நின்று, சிவக்க ஆரம்பித்த காபிப் பழத்தை அவர் பறிப்பதை வாய் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சமையலறை நம் கையில் இருப்பது பெரிய விஷயம். எங்கள் பாப்பா சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள், ஒரு விள்ளல் இட்லியை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள், நடு ராத்திரி எழுந்து அது இருக்கிறதா என்று விரலைப் பிரித்துப் பார்ப்பாள். நசுங்கிப் போயிருந்தால் அழுகைதான், உடனே புதுசாக ஒன்று வேண்டும். பத்து மணிக்கு கிச்சனை மூடுகிற ஹோட்டலில் அந்த நேரத்துக்கு யாரை எழுப்புவது? பாத்திரமெல்லாம் சுத்தம், ஆனால் குக்கர் கேஸ்கட் போய்விட்டது, விசிலே வரவில்லை. உங்கள் குக்கரைக் கொண்டுபோய்விடுங்கள்.

குறை என்றால், வராந்தா படிக்கு கேட் இல்லை, கீழே நேராகச் சரிவு. பெஞ்சைக் குறுக்கே போட்டுச் சமாளித்தோம். வாடகைக்கு விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டாமா? கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கு எரிகிறது (இருட்டில் தூங்காத குழந்தைக்கு அது போதும்), கீசர் ஓடாது. ஐப்பசி மழையில் துணி காயவே காயாது, ஜட்டி மட்டுமாவது மூட்டையாக எடுத்துப் போங்கள். வெடிச் சத்தம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒண்டிக்கடைப் பக்கம் வெடித்தது லேசாகக் கேட்டது. ஆனால் பாப்பா காதைப் பொத்தவில்லை.

வெளியே அதிகம் சுற்றவில்லை, காலையில் கூட்டம் வருவதற்குள் அண்ணா பூங்காவில் ஒரு நடை, அவ்வளவே. போகிற வழியில் கொண்டை ஊசி வளைவு மட்டும் 20 இருக்கிறது, கிளம்பும்போது வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள். நடுவில் நிறுத்துகிற இடத்தில் குரங்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள். கையில் பிஸ்கட் வைத்திருக்கும் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

மே மாதக் கோடை விழா சமயத்தில் ஊரே நெரியும், அப்போது இந்த மாதிரிக் குழந்தையோடு போகாதீர்கள். புக் பண்ணும்போது பின்பக்க ரூமைக் கேட்டு வாங்குங்கள், முன் ரூமில் ரோட்டு ஹாரன் கேட்கிறது.