தொலைநோக்கிக்கு எந்த பேட்டரி: ஈய அமிலமா, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டா?

தொலைநோக்கியைச் சுமந்து, மோட்டாரால் வானப் பொருள்களை நோக்கித் திருப்பும் தாங்கி, கேமரா, பனிநீர் படியாமல் காக்கும் வெப்பப்பட்டை ஆகியவற்றை இரவு முழுவதும் இயக்க 12 வோல்ட் பேட்டரி வாங்குவோர் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் தயங்குகிறார்கள்.

எடை: 20 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஏறத்தாழ 6 கிலோ இருக்கும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் (இனி சுருக்கமாக லித்தியம்) அதில் பாதிகூட வராது.

பயன்படும் கொள்ளளவு: உண்மையான வேறுபாடு இங்கேதான். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி வடியவிட்டால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும். அதோடு அதன் மின்னழுத்தம் படிப்படியாக இறங்குவதால், பின்னிரவில் வெப்பப்பட்டையும் மோட்டாரும் ஒருசேர மின்சாரம் இழுக்கும்போது தாங்கி திடீரென நின்று, தாங்கிக்குத் திசை தெரிவிக்க விண்மீன்களைக் கொண்டு பொறுமையாகச் செய்த சீரமைப்பு முழுவதும் வீணாகிவிடக்கூடும். லித்தியமோ ஏறக்குறையத் தீரும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும்.

ஆயுள்: ஈய அமிலம் சில நூறு சுழற்சிகள் (ஒருமுறை சார்ஜ் செய்து வடியவிடுவது ஒரு சுழற்சி), லித்தியம் பொதுவாக 2,000க்கும் மேல்.

விலை: வாங்கும்போது ஈய அமிலமே மலிவு.

குளிர்: உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது; பயன்படுத்தலாம்.

மாதம் ஒருமுறை வீட்டு முற்றத்தில் கண்ணால் மட்டும் வானம் பார்ப்பவருக்கு ஈய அமிலம் போதும். இருள் தேடி நெடுந்தொலைவு சுமந்து சென்று படம் எடுப்பவர், சற்றுக் காத்திருந்தாவது லித்தியத்தையே, அதற்குரிய சார்ஜருடன் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதை வாங்கினாலும் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃப்யூஸ் பொருத்துங்கள்.